மாவட்டத்துக்கு முந்திய எண்: திண்டுக்கல்லும் 624-உம்

மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் தனியே பிரிந்த நாள் 1985 செப்டம்பர் 15. இந்திய அஞ்சல் துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்ததோ 1972 ஆகஸ்ட் 15-இல். வருவாய்த் துறையின் ஏட்டில் அன்று மதுரைக்கு உட்பட்டிருந்த திண்டுக்கல்லுக்கு, அஞ்சல் துறை மதுரையின் 625-ஐப் பங்கு போட்டுக் கொடுக்கவில்லை. 624 என்று தனி எண்ணே தந்தது. அஞ்சல் வரைபடத்தைத் தீர்மானித்தது ஆட்சி எல்லையன்று, தபால் பை போன வழியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இம்முறையை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஜெர்மனி 1941-லும் அமெரிக்கா 1963-லும் எண்ணுக்கு மாறியிருந்தன. இந்தியாவின் சிக்கல் இன்னும் பெரிது: முகவரி எழுதும் மொழிகள் பல, ஒரே பெயரில் ஊர்களும் பல. திண்டுக்கல் அருகே ஓர் ஆத்தூர், சேலத்துப் பக்கம் ஓர் ஆத்தூர், தூத்துக்குடிப் பக்கம் இன்னொன்று. கடிதம் பிரிப்பவர் எதில் போடுவார்?

ஆறு இலக்கங்களில் முதலாவதான 6, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். (புதுச்சேரியின் ஏனாம் மட்டும் ஆந்திரத்துக்கு நடுவே இருப்பதால் 5-இல் தொடங்குகிறது. இங்கும் வென்றது வழிதான்.) இரண்டாம் இலக்கம் துணை மண்டலத்தையும், மூன்றாவது பிரிப்பு மாவட்டத்தையும் சுட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை. கிராமத்துக் கிளை அஞ்சலகத்துக்குத் தனி எண் கிடையாது. அது இணைந்திருக்கும் துணை அஞ்சலகத்தின் எண்ணே அதற்கும். பல ஊர்கள் ஒரே எண்ணில் நிற்பது இதனால்தான்.

62 என்ற தொகுதியை வரிசையாகப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. திருச்சி 620-இல் தொடங்கி, 622 புதுக்கோட்டை, 623 ராமநாதபுரம், 624 திண்டுக்கல், 625 மதுரை, 626 விருதுநகர், 627 திருநெல்வேலி, 628 தூத்துக்குடி என இறங்கி 629-இல் குமரியை எட்டுகிறது. இவற்றில் புதுக்கோட்டை 1974-லும், விருதுநகர் 1985-லும், தூத்துக்குடி 1986-லும்தான் மாவட்டங்களாயின. திண்டுக்கல் தனி விதிவிலக்கன்று.

காரணத்தை ரயில் பாதையில் தேடலாம். அக்காலத்தில் தபால் பிரிப்பின் முதுகெலும்பு ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் தபால் சேவை. ஓடும் வண்டியிலேயே கடிதங்கள் பிரிக்கப்பட்டன. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இல் வந்த பாதை திண்டுக்கல் வழியாகப் போனது. பின்னர் பழனி, பொள்ளாச்சிக்குக் கிளை பிரிந்ததும் திண்டுக்கல் சந்திப்பாயிற்று. பழனிக்குப் போகும் பை மதுரை வரை போய்த் திரும்புவதில் பொருளில்லை.

624-இன் உள்ளேயும் திசைகள் பதிந்துள்ளன. தலைமை அஞ்சலகம் 624001. கொடைக்கானல் 624101, வத்தலக்குண்டு 624202, காந்திகிராமம் 624302, நத்தம் 624401, பழனி 624601, ஒட்டன்சத்திரம் 624619, வேடசந்தூர் 624710. நான்காம் இலக்கத்தைப் பார்த்தாலே மலையா, நத்தம் சாலையா, பழனிப் பாதையா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எதிர்ச் சான்று தேனியிடம் இருக்கிறது. 1990-களில் அதுவும் மதுரையிலிருந்து பிரிந்து மாவட்டமானது. எண் மட்டும் மாறவில்லை. தேனி 625531, போடி 625513, பெரியகுளம் 625601 என இன்றும் மதுரையின் 625-க்குள்ளேயே இருக்கின்றன. மாவட்டத் தகுதி கிடைத்தால் பின்கோடு தானாக வந்துவிடாது. திண்டுக்கல்லிலோ நேர்மாறு: எண் முதலில் வந்தது, மாவட்டம் பின்னர். அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று மாவட்டத்தின் பெயர் அடுத்தடுத்து மாறியபோதும் உறைமேல் எழுதிய 624 அப்படியே இருந்தது.

2025 மே மாதம் அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின், நாட்டையே ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு தருகிறது. அதில் தலைமை அஞ்சலகமும் இல்லை, சந்திப்பும் இல்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே உண்டு. பின்கோடுக்கு மாற்றாக அல்ல, கூடுதலாகவே அது வந்திருக்கிறது.