காவல் என்னும் சொல்

வீட்டுக்கு அபாயமணி பொருத்துவோர் இன்று சில சொற்களைக் கற்கின்றனர். கதவு திறப்பதை அறிவது உணரி. தனித்தனியே கண்காணிக்கப்படும் பகுதி வலயம். மணியை நிறுத்துவது இரகசிய எண். ஆயினும், சாஆ அமைந்துள்ள சிகாமட் மாவட்டம் முதலான ஜொகூர்ப் பகுதிகளின் தோட்டத் தமிழர், காவலின் சொற்களை முன்பே அறிந்தவர்கள்.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு கிட்டாதிருக்க, 1950 ஜூனில் பிரிக்ஸ் திட்டம் ஜொகூரில் தொடங்கிற்று. ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். சிதறியிருந்த தோட்டக் குடியிருப்புகளும் ஒன்றுசேர்க்கப்பட்டன. முள்வேலி, ஊரடங்கு, வாயிற்சோதனை ஆகியன அன்றாடச் சொற்களாயின. பால்வெட்டச் செல்வோர் பகலுணவையும் வேலிக்கு அப்பால் கொண்டுசெல்ல இயலாத இடங்கள் இருந்தன.

இன்றைய மணியை நிறுத்தும் எண் வீட்டாரிடம் உள்ளது; அன்றைய வாயிலின் திறவுகோலோ ஆயுதக் காவலரிடம் இருந்தது. அவ்வேலி வெளியிலிருந்து வருவோரை மட்டுமன்றி, உள்ளிருந்தோரையும் தடுத்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. தமிழில் காவல் என்னும் ஒரு சொல்லே பாதுகாப்பையும் சிறைவைப்பையும் குறிக்கும். அவ்விரு பொருளையும் ஒருங்கே வாழ்ந்தறிந்தது அந்தத் தலைமுறை.