தொப்பியைக் காணோம்!

ஒல்லி லாரலும் குண்டு ஹார்டியும் வாஷிங் மெஷின் விற்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் செங்குத்தான படிக்கட்டு. உச்சியிலிருந்து அனிதா கார்வின் கூப்பிடுகிறார். ஆஹா, ஆர்டர்! மெஷினைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க ஏறினால், அம்மணிக்குத் தபாலில் ஒரு கடிதம் போடணுமாம். அவ்வளவுதான்! கடைசியில் தெருவே தொப்பிச் சண்டையில் இறங்குகிறது.

இதுதான் 1927-ல் வந்த 'ஹாட்ஸ் ஆஃப்'. முதலாளி வேஷத்தில் ஜேம்ஸ் ஃபின்லேசன். அதே வருஷம் சினிமா பேச ஆரம்பித்தது. ஊமைப் படத்தை யார் சீந்துவார்கள்? இன்றுவரை ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை.

1932-ல் அதே படிக்கட்டில் மெஷினுக்குப் பதில் பியானோவை ஏற்றினார்கள். 'தி மியூசிக் பாக்ஸ்'. ஆஸ்கரே கிடைத்தது!

ஜோக் பிழைத்துக்கொண்டது. படிக்கட்டும் இருக்கிறது. அதன் உச்சியில் நின்று அனிதா எப்படிக் கூப்பிட்டார்? பார்க்கத்தான் வழியில்லை.