தேய்த்துக் கெடுத்த படலம்

1978 மே மாதம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடம். முயலின் மகாதமனியிலிருந்து வெட்டிய ஒரு சின்ன வளையம் வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது சுருங்கினால் பேனா மேலே ஏறிக் கோடு போடும், தளர்ந்தால் கீழே இறங்கும். அன்றைய வேலை எளியது. முதலில் நார்அட்ரினலின் விட்டு வளையத்தைச் சுருங்கவைக்க வேண்டும். அதைக் கழுவி எடுத்துவிட்டு, கார்பகால் என்ற மருந்தை விட்டு மறுபடி சுருங்கவைக்க வேண்டும். உதவியாளர் நடுவிலிருந்த கழுவலை விட்டுவிட்டார். ஏற்கெனவே இறுகிக் கிடந்த வளையத்தின் மேலேயே கார்பகாலும் விழுந்தது. பேனா இன்னும் மேலே ஏறியிருக்க வேண்டும். சரசரவென்று இறங்கியது.

கழுவ மறந்த பரிசோதனை கணக்கில் சேராது என்று தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அந்தக் கூடத்தின் தலைவர் ராபர்ட் ஃபர்ச்காட்டுக்கு அது முடியவில்லை. அவர் மனசில் கால் நூற்றாண்டாக ஒரு தீராத கணக்கு இருந்தது.

கார்பகால், அசிட்டைல்கோலினுக்கு உறவுக்கார மருந்து. அசிட்டைல்கோலினை உயிரோடிருக்கும் விலங்கின் ரத்தத்தில் செலுத்தினால் நாளங்கள் விரியும், ரத்த அழுத்தம் விழும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இது தெரிந்த சங்கதி. அதே நாளத்தை வெளியே எடுத்துக் கரைசலில் தொங்கவிட்டு அதே மருந்தை விட்டால், விரிவதற்குப் பதிலாகச் சுருங்கியது. 1953-ல் இப்படி எழுதி அச்சேற்றியவர்களில் ஃபர்ச்காட்டும் ஒருவர். தமனியைத் திருகுசுருளாக வெட்டி நீளமான பட்டையாக்கிச் சோதிக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே. உலகத்து மருந்தியல் கூடங்கள் பலவும் அவர் வழியில்தான் பட்டை வெட்டிக்கொண்டிருந்தன. உடம்புக்குள் விரிகிற நாளம் வெளியே வந்ததும் ஏன் சுருங்குகிறது என்பதற்கு மட்டும் யாரிடமும் நல்ல பதில் இல்லை.

இந்த முறை கையில் இருந்தது பட்டை இல்லை, வளையம். வித்தியாசம் எங்கே என்று அவர் தேடிப் போனார். பட்டை வெட்டும்போது தமனியைத் திறந்து, உள்பக்கம் ஈரத்தாளில் படும்படி வைத்து, விரலால் பிடித்துத் திருப்பி வேலை செய்வார்கள். அந்த உரசலில் உள்பக்கத்துப் படலம் உரிந்துபோகும். எண்டோதீலியம் என்று பெயர். ஒரே ஒரு செல் கனம். கண்ணுக்குத் தெரியாது, போனாலும் தெரியாது. வளையம் வெட்டும்போது உள்பக்கத்தில் எதுவும் படுவதில்லை, படலம் தப்பிவிடுகிறது. இதை ஊர்ஜிதம் செய்ய ஃபர்ச்காட் வேண்டுமென்றே வளையத்தின் உள்பக்கத்தை லேசாகத் தேய்த்தார். தளர்ச்சி போயே போய்விட்டது. அவ்வளவு காலம் ஆய்வுக்கூடங்கள் பதிவுசெய்தது ரத்த நாளத்தின் குணத்தை என்பதைவிட, தோல் உரிந்த நாளத்தின் குணத்தை என்பதே சரி. பிரபலமான தன் முறையே தன் கண்ணைக் கட்டியிருந்தது என்று ஒப்புக்கொள்வது அறுபதைத் தாண்டிய பேராசிரியருக்கு லேசான காரியமாக இருந்திருக்காது. அவர் அதை முழுசாக எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. படலம் உரித்த ஒரு பட்டையை எடுத்தார். தனியாக விட்டால் அது அசிட்டைல்கோலினுக்குத் தளராது. படலம் கெடாத இன்னொரு பட்டையை அதோடு முகத்துக்கு முகம் ஒட்டிவைத்துத் தொங்கவிட்டார். அசிட்டைல்கோலின் விட்டதும் உரித்த பட்டை தளர்ந்தது. பிரித்து எடுத்தால் மறுபடி தளரவில்லை. அதாவது படலம் ஏதோ ஒன்றைச் சுரந்து பக்கத்துத் தசைக்கு அனுப்புகிறது. அதுவரை அந்தப் படலத்தைத் தண்ணீர்க் குழாயின் உள்பூச்சு மாதிரி, ரத்தம் வழுக்கிப் போவதற்கான ஏற்பாடு என்ற அளவில்தான் பெரும்பாலோர் வைத்திருந்தார்கள்.

சுரப்பது எது? கையில் தயாராக ஒரு சந்தேகப் புள்ளி இருந்தது: புரோஸ்டாசைக்ளின்.

அதன் கதை லண்டனில் தொடங்கியது. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-ல் ஜான் வேன் விளக்கினார்: புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை அது தடுக்கிறது. 1975-ல் சுவீடனில் பெங்ட் சாமுவேல்சன் குழு, ரத்தத் தட்டணுக்கள் இதே குடும்பத்தில் திராம்பாக்சேன் என்ற ஒன்றைச் செய்வதைக் கண்டது. அது தட்டணுக்களை ஒட்டவைக்கும், நாளத்தைச் சுருக்கும். மறு வருஷம் வேனின் கூட்டாளிகளான சால்வடோர் மொன்காடாவும் போலந்துக்காரர் கிரிக்லெவ்ஸ்கியும், கென்ட் மாவட்டம் பெக்கன்ஹாமில் இருந்த வெல்கம் ஆய்வுக்கூடத்தில், நாளச் சுவரும் அதையே செய்கிறதா என்று பார்க்கப் போனார்கள். கிடைத்தது நேர் எதிரானது. நாளச் சுவர் செய்யும் பொருள் தட்டணுக்களைப் பிரித்துவைத்தது, நாளத்தை விரித்தது. அதற்குத்தான் புரோஸ்டாசைக்ளின் என்று பெயர் வைத்தார்கள். இதய நோயாளிக்குத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டும் எழுதித் தருவதன் சூட்சுமம் இந்த இழுபறியில் இருக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. நாளச் சுவர் செல்லால் முடியும். ஆகவே சிறிய அளவில் திராம்பாக்சேன் அடங்கும், புரோஸ்டாசைக்ளின் பிழைத்துக்கொள்ளும்.

இவ்வளவு பொருத்தமாக ஒரு விரிப்பான் இருக்கும்போது சந்தேகம் அதன்மேல் விழுவது நியாயம். ஃபர்ச்காட் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளை விட்டுப் பார்த்தார். வளையம் வழக்கம்போலத் தளர்ந்தது. ஆள் இவர் இல்லை. 1980-ல் ஜான் சவாட்ஸ்கியோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்தச் சுரப்புக்கு ஈடிஆர்எஃப் என்ற பெயர் நிலைத்தது. எண்டோதீலியத்திலிருந்து வரும் தளர்த்தி என்பதே அதன் பொருள், அவ்வளவுதான் அப்போது தெரியும்.

பிடிக்கப் போனால் கைக்குச் சிக்கவில்லை. சில விநாடிகளில் காணாமல் போனது. ஹீமோகுளோபினைப் பார்த்தால் மறைந்தது. புரதம்போலவோ ஹார்மோன்போலவோ எதுவும் அகப்படவில்லை.

விடை வேறொரு தெருவில் நூறு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. 1847-ல் டூரினில் அஸ்கானியோ சொப்ரெரோ நைட்ரோகிளிசரினைச் செய்தபோதே, நாக்கில் துளி வைத்தால் தலை பிளக்கும் என்று பதிந்துவைத்தார். லண்டன் மருத்துவர் வில்லியம் முர்ரெல் ஒரு நாள் மதியம் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் இருந்த குப்பியின் ஈரமான தக்கையை நாக்கில் தொட்டுவைத்தார். அடுத்த நோயாளி வந்ததில் அதை மறந்தும்விட்டார். சற்று நேரத்தில் தலையும் நெஞ்சும் அடித்துக்கொண்ட வேகத்தில் நினைவு வந்தது. 1879-ல் அதையே நெஞ்சுவலிக்கு மருந்தாக எழுதினார். டைனமைட் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமைதோறும் தலைவலி வரும். வாரம் போகப் போகப் பழகிவிடும், ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு மறுபடி தொடங்கும். அதே தொழிற்சாலைகளின் முதலாளி ஆல்ஃபிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் இதய நோய். அவருக்கு மருத்துவர் எழுதித் தந்ததும் நைட்ரோகிளிசரின்தான். மக்கள் பயந்துவிடாமல் இருக்க அதற்கு டிரைனிட்ரின் என்று பெயர் மாற்றிவைத்திருக்கிறார்கள் என்று 1896 அக்டோபரில் ஒரு கடிதத்தில் கேலியாக எழுதினார். டிசம்பரில் இறந்தார்.

நோயாளிக்கு நிம்மதி தந்த அந்த வெடிமருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது 1977-ல் துலங்கியது. வர்ஜீனியாவில் ஃபெரித் முராத், இந்த வகை மருந்துகள் எல்லாம் நைட்ரிக் ஆக்சைடு வாயுவாக மாறித்தான் வேலை செய்கின்றன என்று காட்டினார். அந்த வாயு தசைச் செல்லுக்குள் நுழைந்து சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்குகிறது, தசை தளர்கிறது. (மயக்க மருந்தாகத் தரும் சிரிப்பு வாயு வேறு, அது நைட்ரஸ் ஆக்சைடு.) நைட்ரிக் ஆக்சைடு அன்றைக்குப் பெரும்பாலோர் கணக்கில் வாகனப் புகையில் வரும் மாசு. அதை உடம்பே தயாரிக்கும் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

1986 கோடையில் மினசோட்டாவின் ராச்செஸ்டரில் நடந்த கூட்டத்தில் ஃபர்ச்காட்டும், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள்: ஈடிஆர்எஃப் என்பது நைட்ரிக் ஆக்சைடே. இருவரும் வந்த வழி ஒன்றுதான். அது எதற்கெல்லாம் அழிகிறதோ இதுவும் அதற்கெல்லாம் அழிகிறது. அது எப்படித் தளர்த்துகிறதோ இதுவும் அப்படியே. ஒத்திருப்பது சரி, செல்லிலிருந்து அந்த வாயு வெளியே வருவதை யார் பார்த்தது?

பெக்கன்ஹாமில் பார்த்தார்கள். பன்றியின் மகாதமனியிலிருந்து எடுத்த எண்டோதீலியச் செல்களை நுண்மணிகளின் மேல் வளர்த்து ஒரு குழலில் அடைத்தார்கள். அதன் வழியாக வந்த கரைசலைப் படலம் உரித்த முயல் தமனிப் பட்டைகள்மேல் ஒழுகவிட்டார்கள். ஃபர்ச்காட்டைக் குழப்பிய உரிந்த பட்டை இங்கே அளவுகோலாக மாறியிருந்தது. வாயுவை அளக்க, ஓசோனோடு சேர்ந்தால் நைட்ரிக் ஆக்சைடு ஒளிவிடும் குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புகை மாசை அளக்கப் பயன்பட்ட அதே வழி. செல் வெளியிட்ட வாயுவின் அளவு, பட்டை தளர்ந்த அளவுக்குச் சரியாக வந்தது. 1987-ல் பால்மர், ஃபெரிஜ், மொன்காடா மூவர் பெயரில் அது 'நேச்சரில்' வெளியானது. மறு வருஷமே மூலப்பொருளும் தெரிந்தது: ஆர்ஜினின். வேர்க்கடலையில் நிறைய இருக்கும் அமினோ அமிலம்.

இதுவரை எல்லாம் முயலும் பன்றியும்தான். மனிதர் விஷயம் 1989-ல் 'லான்செட்' இதழில் வந்தது. பாட்ரிக் வாலன்ஸ், ஜோ கோலியர், மொன்காடா ஆகியோர் தன்னார்வலர்களின் கைத் தமனியில், நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் பொருளைச் சிறிதளவு செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் மாறாமல் அந்தக் கையின் ரத்த ஓட்டம் மட்டும் குறையும்படி அளவு பார்த்து விட்டார்கள். ஓட்டம் ஏறக்குறைய பாதியானது. இதைப் படிக்கும்போது கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றும். நாளத்தை விரிக்க யாரும் எந்த மருந்தும் தரவில்லை, அசிட்டைல்கோலின் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர்கள். ஆனாலும் அந்த ஒரு செல் கனப் படலம் ஓயாமல் வாயுவைச் சுரந்து நாளத்தைத் திறந்துவைத்திருக்கிறது. நிறுத்தினால் உடனே சுருங்குகிறது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், அதிகக் கொழுப்பு என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் எல்லாமே முதலில் கைவைப்பது இந்தச் சுரப்பில்தான் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் விரிந்தது.

1998-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் போனது. மொன்காடா பெயர் இல்லை. மூவருக்கு மேல் பங்கிட விதி இடம்தராது என்பது உண்மை. புரோஸ்டாகிளாண்டின் ஆய்வுக்கு 1982-ல் வேன், சாமுவேல்சன், பெர்க்ஸ்ட்ராம் ஆகியோருக்குப் பரிசு தந்தபோதும் அவர் வெளியே நின்றவர். புரோஸ்டாசைக்ளின் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. ஹோண்டுராஸில் பிறந்த இந்த விஞ்ஞானிக்கு இரண்டு முறை நடந்ததை விதியின்மேல் மட்டும் போட என் மனம் ஒப்பவில்லை.

அதே 1998 மார்ச்சில் அமெரிக்காவில் சில்டெனாஃபில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. வயாக்ரா என்றால் எல்லாருக்கும் தெரியும். நெஞ்சுவலிக்கென்று சோதிக்கப்பட்டு, வேறு பலனுக்காகப் பெயர் வாங்கிய மருந்து. நைட்ரிக் ஆக்சைடு பெருக்கும் சைக்ளிக் ஜிஎம்பியை அது சிதையவிடாமல் தடுக்கிறது. நம் ஊரில் சார்பிட்ரேட் என்று கேட்டு வாங்கும் நாக்கடி மாத்திரை அதே பொருளை வேறு முனையிலிருந்து ஏற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். அதனால்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் ஆணிடம் அவசர சிகிச்சைப் பிரிவில் வயாக்ரா போட்டீர்களா என்ற கேள்வியைக் கேட்கிறார்கள். குடும்பத்தார் சுற்றி நிற்கும்போது பதில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் ஆகாமல் நைட்ரேட் தரக்கூடாது. அந்தக் கணக்கு மருத்துவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.