துபாய், சிங்கப்பூர் போகும் டிரைவர்கள் கவனத்துக்கு! நம்ம ஊர் லைசென்ஸ் அங்கே செல்லுமா?

காரைக்குடி,

செட்டிநாட்டுக்காரர்களுக்கு வெளிநாடு புதுசு அல்ல. அந்தக் காலத்தில் பர்மா, மலாயாவுக்கு கப்பல் ஏறினார்கள். இப்போது காரைக்குடி, தேவகோட்டை பகுதி இளைஞர்கள் துபாய், சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறார்கள். "இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துட்டா எந்த நாட்டிலும் வண்டி ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீங்க. விவரம் வருமாறு:-

இன்டர்நேஷனல் பெர்மிட்: பரிவாகன் இணையதளம் மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், ஊர் லைசென்ஸ் தேவை. மத்திய அரசு நிர்ணயித்த கட்டணம் ரூ.1,000. ஓராண்டுக்கு மேல் செல்லாது. சுற்றுலா போகிறவர்களுக்குத்தான் இது கைகொடுக்கும்.

துபாய்: குடியிருப்பு விசா கிடைத்து விட்டால் ஊர் லைசென்சும், இந்த பெர்மிட்டும் செல்லாது. இந்திய லைசென்சை அப்படியே மாற்றித் தரவும் மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து டெஸ்டில் பாஸ் ஆகணும். வகுப்பு இல்லாமல் ஒரே ஒரு தடவை நேரடியாக டெஸ்டுக்குப் போகும் 'கோல்டன் சான்ஸ்' திட்டம் 2023-ல் கொண்டு வரப்பட்டது. அதில் பெயில் ஆனால் வகுப்புக்குத்தான் போகணும்.

சிங்கப்பூர்: ஊர் லைசென்சில் அதிகபட்சம் 12 மாதம் ஓட்டலாம். டிரைவர் வேலைக்கே போகும் ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு 6 மாதம்தான் கெடு. அதற்குள் அடிப்படை தியரி தேர்வில் பாஸ் செய்து லைசென்சை மாற்றிக்கொள்ள வேண்டும்.

செல்லாத லைசென்சில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டு விடும். வேலைக்கும் ஆபத்து.

இன்னொரு விஷயம்: ஊர் லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் இங்கேயும் மறுபடி டெஸ்ட்தான். எனவே பெட்டி கட்டுவதற்கு முன்பே லைசென்சில் உள்ள தேதியை பார்த்து புதுப்பிச்சுக்குங்க.