குளமும் கடனும்: உலர் வலய வேளாண்மையின் நிதி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உணவுப் பாதுகாப்பு, காலநிலை மாற்றம், காலநிலை நிதி ஆகிய மூன்றும் இன்றைய அபிவிருத்திச் சிந்தனையில் ஒன்றோடொன்று பிணைத்துப் பேசப்படுவனவாகும். மழை பிறழ்ந்து வரட்சி மிகும் உலகில் வறிய நாடுகளின் கமக்காரர் தம்மைத் தகவமைத்துக்கொள்வதற்குச் செல்வ நாடுகள் பணந் தரவேண்டும் என்பது இப்பேச்சின் சாரம். எவ்வளவு பணம் என்ற வினாவே சர்வதேச மாநாடுகளில் முதலிடம் பெறுகின்றது. அப்பணம் எவ்வடிவில் வருகின்றது, அதனை எங்கே செலவிடுவது என்று தீர்மானிப்பவர் யார், அதனாற் கட்டப்பட்டதைப் பின்னர் பேணுபவர் யார் என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்கள் புதியனவல்ல. இலங்கையின் உலர் வலயக் குளங்களின் வரலாற்றில் அவை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்துள்ளன. குளத்தைப் பேணும் சுமையை எவர் தாங்கினர், அதன் விளைவை எவர் உண்டனர் என்பதைக் கால அடைவில் நோக்கி, அந்நோக்கின் ஒளியில் இன்றைய காலநிலை நிதியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குளமும் கூட்டு உழைப்பும்

உலர் வலயத்தின் மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துச் சில மாதங்களுள் பெய்து முடிவது. பெரும்போகத்தை இம்மழை தாங்கும். சிறுபோகமோ குளத்தில் எஞ்சி நிற்கும் நீரையே நம்பியுள்ளது. வன்னியிலும் நுவரகலாவியாவிலும் ஊர்ப்பெயர்கள் பல குளத்தின் பெயராகவே அமைந்திருப்பது தற்செயலன்று. குளம் இன்றேல் ஊர் இல்லை என்பதே அங்குள்ள வாழ்வின் நியதி.

இக்குளங்கள் தனித்தனியே நிற்பனவல்ல. ஒரு சிற்றோடையின் பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக அமைந்த இவற்றில், மேற்குளத்து வயலின் கழிவுநீர் கீழ்க்குளத்தை நிரப்பும். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் மத்தும பண்டார 1985 இல் இவற்றைத் தொடர்குளங்களாக இனங்கண்டு விளக்கினார். ஒரு குளம் உடைந்தால் அதன் கீழுள்ளவை யாவும் பாதிக்கப்படும். ஆகவே பேணுதல் என்பது ஓர் ஊரின் கருமம் மட்டுமன்று, ஊர்களின் கூட்டுக் கருமமாகும்.

குளக்கட்டைத் திருத்துதல், துருசைப் பழுதுபார்த்தல், வாய்க்காலைத் துப்புரவாக்குதல் என்பன கமக்காரரின் கடமையாயிருந்தன. நீர் குறைந்த ஆண்டுகளில் பெத்ம எனப்படும் வழக்கம் நிலவியது. எல்லா வயல்களுக்கும் நீர் போதாதபோது, குளத்தை அடுத்த வயல்களை மட்டும் அப்போகத்துக்குத் தெரிந்தெடுத்து, காணி உடையோர் அனைவருக்கும் அவரவர் பங்குக்கேற்பப் பிரித்துக் கொடுப்பர். வரட்சியின் இழப்பை ஒருவர் தலையில் சுமத்தாது யாவரும் பகிர்ந்துகொண்ட இவ்வேற்பாடு, இன்றைய மொழியில் ஒரு காப்புறுதி முறை எனலாம்.

இதனைக் கூறுமிடத்து அச்சமுதாயத்தைப் பொற்காலமாகக் காட்டுவது எமது கருத்தன்று. இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு நிலப்பிரபுத்துவத்தையும் சாதி வேறுபாட்டையும் அடித்தளமாகக் கொண்டிருந்தது. பெத்மவின் பங்கும் காணியுடையோருக்கே உரியதாயிற்று, காணியற்றோருக்கு அதில் இடமில்லை. எனினும், குளத்தின் பேணுகைக்குரிய உழைப்பு எங்கிருந்து வருமென்ற வினாவுக்கு அச்சமுதாயம் ஒரு நிலையான விடையை வைத்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. இராசகாரிய ஒழிப்பும் தானிய வரியும்

பெரு நீர்ப்பாசன அமைப்புகள் 13 ஆம் நூற்றாண்டின் பின் சிதைவுறத் தொடங்கியிருந்தன. ஆயினும் சிறு கிராமக் குளங்கள் பல தொடர்ந்து இயங்கின. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி பிரித்தானிய ஆட்சி 1832 இல் இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய உழைப்பின் நீக்கம் முற்போக்கானதே. ஆனால் குளத்தைப் பேணிய உழைப்பும் அதனோடு சேர்ந்து நீங்கிற்று. அதனிடத்தில் வேறோர் ஏற்பாடு வைக்கப்படவில்லை. ஆட்சியின் கவனமும் மூலதனமும் மத்திய மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களின்பாற் சென்றன. வீதிகள் அமைந்தன, 1867 இல் புகையிரதம் கண்டியைச் சென்றடைந்தது. குளங்கள் தூர்ந்தன.

24 ஆண்டுகளின் பின், 1856 இல், தேசாதிபதி ஹென்றி வார்டின் ஆட்சியில் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நெற்செய்கை தொடர்பான பண்டை வழக்கங்களை மீட்டுயிர்ப்பித்தலே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. தான் அகற்றிய ஒழுங்கைத் தானே சட்டத்தால் திரும்ப வேண்டிநின்றது ஆட்சி. அதேவேளை நெல்லின்மீது தானிய வரியும் அறவிடப்பட்டு வந்தது. 1880களில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் வரி செலுத்த இயலாத கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. குடிகள் நிலமிழந்தனர். பலத்த எதிர்ப்பின் பின் 1892 இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. உள்நாட்டு நெல் வரி சுமக்க, தோட்டத் தொழிலாளருக்கான அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. உண்ணும் அரிசிக்கு ஏற்றுமதிப் பயிரின் வருமானத்தை நம்பும் பொருளாதாரம் இவ்வாறு உருப்பெற்றது.

3. பங்கீட்டு அரிசியின் அரசியல்

1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் இப்பொருளாதாரத்தின் பலவீனம் வெளிப்பட்டது. அவ்வாண்டில் உணவுப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்த பின்னரும் கூப்பன் அரிசி மக்கள் உரிமையாகவே கருதப்பட்டது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. உயிர்கள் பலியாயின. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

அதற்கு முந்திய ஆண்டில், 1952 இல், மக்கள் சீனத்துடன் றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி என ஐந்தாண்டுகளுக்கு அது அமைந்தது. வலிய நாடுகளின் விருப்பத்துக்கு மாறாக ஒரு சிறிய நாடு தன் உணவைப் பண்டமாற்றினாற் பெறமுடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1954 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய 480 ஆம் இலக்கப் பொதுச்சட்டம் இதற்கு மாறான வழியைத் திறந்தது. தன் மிகை விளைச்சலை நீண்டகாலக் கடனிலும் சலுகை விலையிலும் வறிய நாடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. கோதுமை விளையாத இலங்கையில் பாணும் கோதுமை மாவும் அன்றாட உணவாகி நிலைத்தமைக்கு அவ்வேற்பாடும் ஒரு காரணமாகும்.

உள்நாட்டில் 1958 இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. பயிர்ச்செய்கைக் குழுக்கள் அதன்கீழ் அமைந்தன. நீர்ப் பங்கீடும் வாய்க்காற் பராமரிப்பும் பழைய வட்டவிதானையிடமிருந்து தெரிவுசெய்யப்பட்ட கமக்காரரிடம் செல்லவேண்டும் என்பது அதன் உள்ளக்கிடக்கை. காணி உடைமையாளரின் எதிர்ப்பால் அச்சட்டம் வலுவிழந்தபோதிலும், இராசகாரியம் விட்டுச்சென்ற வெற்றிடத்தைச் சனநாயக முறையில் நிரப்ப எடுக்கப்பட்ட முதல் முயற்சியாக அது கணிக்கத்தக்கது.

4. உரோம் நகர வாக்குறுதியும் கிரிந்தி ஓயாவும்

1973 இல் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. இலங்கையில் பங்கீடு குறைக்கப்பட்டது. மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் செய்கையாளர் பலர் நல்ல விலை கண்டனர். அதே ஆண்டுகளில், சொந்த நிலமற்ற மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே பட்டினி பரவியது. 1974 இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டு வன்னியை நாடிச் சென்றன. உற்பத்தி பெருகுவது மட்டும் உணவுப் பாதுகாப்பாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நிலமும் கூலியும் அற்றவனுக்குச் சந்தையில் உள்ள உணவு உணவாகாது.

1974 நவம்பரில் உரோம் நகரில் உலக உணவு மாநாடு கூடியது. பத்தாண்டுகளுள் எக்குழந்தையும் பசியோடு உறங்காத நிலை தோன்றவேண்டும் என்று அங்கு உறுதி கூறப்பட்டது. அம்மாநாட்டின் தீர்மானத்தின் பயனாகச் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம் 1977 இல் உருவாயிற்று. அந்நிதியம் 1978 இல் முதன்முதலாக அங்கீகரித்த கடன்களுள் ஒன்று இலங்கையின் கிரிந்தி ஓயாத் திட்டத்துக்குரியது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் அதில் இணைந்தது. லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் 1980களின் நடுப்பகுதியில் நிறைவெய்தியது. ஆனால் ஆற்றில் வருமென மதிப்பிட்ட அளவு நீர் வரவில்லை. திசமகாராம அயலிலுள்ள பழைய குளங்களின் கீழான வயல்களுக்கு நீரில் முன்னுரிமை இருந்தமையால், புதிதாகக் குடியேறியோர் பல போகங்களில் நீரின்றித் தவித்தனர். பழையோருக்கும் புதியோருக்குமிடையே பிணக்கு எழுந்தது. கணக்கிலே பிழை நேர்ந்தாலும் கடனிலே குறைவு நேர்வதில்லை என்பது இதனால் அறியப்படும் பாடமாகும்.

1977 இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. வடபகுதி மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தம் சந்தையை இழந்தனர். 30 ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட மகாவலி வேலைகள் ஆறாண்டுகளுள் சுருக்கப்பட்டு, வெளிநாட்டு நன்கொடைகளாலும் கடன்களாலும் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1979 இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக நிற்க, விலைகள் ஏறின. தானியமாகப் பெற்ற உரிமை இவ்வாறு தேயும் பணமாக மாறிற்று. பெருநீர்த்தேக்கங்களின் நிழலில் சிறு குளங்கள் மறக்கப்பட்டன. போர்க்காலத்தில் வடக்கு கிழக்குக் குளங்கள் பல பேணுவாரின்றிக் கிடந்தன.

5. காலநிலை நிதி: பழைய வினா, புதிய பெயர்

1992 இல் றியோ டி ஜெனீரோவில் கைச்சாத்துக்கு வைக்கப்பட்ட காலநிலை மாற்றச் சமவாயம், பொறுப்பு யாவருக்கும் பொதுவாயினும் சமமானதன்று என்ற கோட்பாட்டை ஏற்றது. 2009 இல் கொப்பன்ஹேகனில், 2020 அளவில் ஆண்டுக்கு 10,000 கோடி டொலர் திரட்டப்படும் எனச் செல்வ நாடுகள் வாக்களித்தன. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனத்தின் கணக்கின்படி அவ்விலக்கு 2022 இலேயே எட்டப்பட்டது. அவ்வாண்டின் அரச காலநிலை நிதியில் ஏறத்தாழ 69 சதவீதம் கடனாகும். 2017, 2018 ஆம் ஆண்டுகளின் நிதியோட்டங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, சிறு கமக்காரரைச் சென்றடைந்தது 1.7 சதவீதமே எனக் கண்டது. 2024 இல் பாக்குவில் 2035 அளவில் ஆண்டுக்கு 30,000 கோடி என்ற புதிய இலக்கு அறிவிக்கப்பட்டது.

காலநிலை நெருக்கடிக்குக் காரணமானோர் தரவேண்டிய ஈட்டை, அதனாற் பாதிக்கப்பட்டோர் வட்டியுடன் திருப்பிச் செலுத்துவதே கடன் வடிவின் பொருள். இம்முரண்பாடு இலங்கைக்கு வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. வரட்சியினால் 2017 இன் நெல் விளைச்சல் முந்திய ஆண்டின் 44 இலட்சம் தொன்னிலிருந்து ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. 2021 மே மாதத்தில், கமக்காரரைக் கலந்தாலோசியாது, இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்குமுன் பெரும்போகத்துக்குரிய காலம் கைநழுவியிருந்தது. 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்தியது. இத்தகைய நாட்டுக்கு மேலுமொரு கடனைத் தகவமைப்பு என்ற பெயரால் வழங்குவது உதவியாகுமா என்பது வினவத்தக்கது.

வேறு வழியும் உண்டு. பசுமைக் காலநிலை நிதியம் 2016 இல் மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆற்று வடிநிலங்களின் தொடர்குளங்களைப் புனரமைக்க ஏறத்தாழ 3 கோடி 80 இலட்சம் டொலரை நன்கொடையாக அங்கீகரித்தது. 2017 இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் இக்குளத் தொகுதியை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்ட சிறுகுளம் மீண்டும் கணக்கில் வந்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, குளத்துக்கு அது இல்லை. திட்ட அலுவலகம் மூடப்பட்டபின் கட்டிலே மண்ணிடுவது யார் என்னும் வினா 1832 இல் நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவாகும். உலர் வலயத்தின் பசிக்கு மழைக்குறைவு மட்டும் காரணமாயிருந்ததில்லை. குளத்தைப் பேணும் உழைப்புக்கும் செலவுக்கும் உரிய ஒழுங்கு குலைந்தபோதும், அதைப் பற்றிய தீர்மானம் ஊரிலிருந்து தலைநகருக்கும் தலைநகரிலிருந்து கடன் கொடுப்போரிடமும் சென்றபோதும், வரட்சி பட்டினியாக மாறிற்று. எனவே காலநிலை நிதி மூன்று அளவுகோல்களால் அளக்கப்படவேண்டும். அது கடனாகவன்றி ஈடாக வரவேண்டும். தொடர்குளம் முழுவதையும் தழுவும், காணியற்றோருக்கும் குரலளிக்கும் தெரிவுசெய்யப்பட்ட கமக்காரர் அமைப்புகளின் தீர்மானத்துக்கு அது உட்படவேண்டும். கட்டுவதற்கு மட்டுமன்றி ஆண்டுதோறும் பேணுவதற்கும் அதில் ஒதுக்கீடு இருக்கவேண்டும்.

நிலப்பிரபுத்துவம் கட்டாயத்தாற் செய்ததைச் சனநாயகம் உரிமையாற் செய்ய இயலுமா என்பதே 1958 இன் சட்டம் எழுப்பிய வினா. அதற்கு விடைகாணும் பணி நிறைவுறவில்லை. இப்பணிக்கு வேண்டிய அறிவு அறிக்கைகளில் மட்டுமன்றிக் குளக்கட்டில் நிற்கும் கமக்காரரிடமும் உண்டு. அதனைத் தேடித் தொகுப்பதும், அவர்தம் கோரிக்கையோடு இணைப்பதும் எமது பல்கலைக்கழகங்களின் கடனாகும்.