மன்னார் வளைகுடா முத்தும் நாடாப்புழுவும்: ஹெர்ட்மன் அறிக்கை குறித்த மறுவாசிப்பு

மன்னார் வளைகுடாப் பார்களில் வாழும் பிங்க்டாடா ஃபுகாட்டா என்னும் முத்துச்சிப்பியில் முத்து விளைவது எப்படி என்ற வினாவுக்கு டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் தந்த விடை பிழையானது என்பதில் இன்று பெரிய கருத்துவேறுபாடு இல்லை. அந்தப் பிழை எவ்வளவு ஆழமானது என்பதிலேயே வேறுபாடு. இலண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட அவரது அறிக்கை, உயர்தர முத்துகளின் மையத்தில் நாடாப்புழுவின் இளவுயிரி புதைந்திருப்பதாகக் கூறியது. பின்வந்த ஆய்வு மரபு ஒன்று புழுவைக் கைவிட்டு, அதைத் தாங்கி நின்ற கொள்கையை மட்டும் வைத்துக்கொண்டது: உடலுக்குள் புகும் அயற்பொருள் உறுத்துகிறது, சிப்பி அதை முத்துப்படலத்தால் மூடிவிடுகிறது. இக்கொள்கையும் நிற்கக்கூடியதாகத் தெரியவில்லை. அதை அசைக்கும் முதற்சான்று அந்த அறிக்கையிலேயே கிடக்கிறது.

ஹெர்ட்மனும் அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் ஹார்னெலும் இலங்கைப் பார்களின் முத்துகளை மூவகையாகப் பிரித்தனர். தசை ஓட்டைப் பற்றும் இடங்களில் நுண்ணிய சுண்ணாம்பு மணிகளைச் சுற்றி விளைபவை தசைமுத்துகள். மேற்றோலின் பை போன்ற குழிவுகளில் விளைபவை இரண்டாம் வகை. மென்திசுவுக்குள் மூடிய கூடுகளில் விளையும் மூன்றாம் வகையே வணிக மதிப்பில் உயர்ந்தது. புழு பேசப்படுவது இதன் தொடர்பில்தான். இப்பிரிவை வெறும் வகைப்பாட்டு விவரமாகக் கருதிக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தசைமுத்தின் கருவாக அமையும் சுண்ணாம்பு மணி வெளியிலிருந்து வந்ததன்று, சிப்பியே சுரந்தது. அயற்பொருள் எதுவும் நுழையாமலே ஒருவகை முத்து விளையுமென்றால், அயற்பொருளைப் பொதுக்காரணமாகக் கொள்ள இடமில்லை. மூன்று வகைக்கும் பொதுவாக எஞ்சுவது ஓட்டைச் சுரக்கும் திசு, அதாவது மேன்டில் போர்வையின் வெளி எபிதீலியம். அறிக்கை இதைக் காணத் தவறவில்லை. கண்டதற்கு உரிய எடையைத் தரவில்லை.

1912இல் எச். லிஸ்டர் ஜேம்சன் முன்வைத்த மறுப்பு இவ்விடத்தில்தான் கூர்மை பெறுகிறது. இலங்கைச் சிப்பிகளில் உருண்டை வடிவ நாடாப்புழு இளவுயிரிகள் ஏராளம் என்பதை அவர் மறுக்கவில்லை. அவற்றைச் சூழ்ந்திருந்தது நார்த்தன்மையுள்ள இணைப்புத்திசு உறை. முத்துப்படலத்தைச் சுரக்க வேண்டியது எபிதீலியம்; இணைப்புத்திசுவால் அது இயலாது. புழுவுக்குக் கூடு கட்டும் திசு ஒன்று, முத்துக்குக் கூடு கட்டும் திசு வேறு என்றானபின் இரண்டையும் ஒரே நிகழ்வின் முன்னும் பின்னுமாகக் கோப்பது கடினம். இதே ஜேம்சன், 1902இல் ஐரோப்பிய நீலமட்டியில் தட்டைப்புழு முத்துக்குக் காரணமாவதை ஆதரித்தவர் என்பதால், ஒட்டுண்ணி விளக்கத்தின் மீதான பொதுவான வெறுப்பு இம்மறுப்பைத் தூண்டியது என்று சொல்ல வழியில்லை.

ஆய்வகம் விட்டுவைத்த ஐயத்தைப் பண்ணைகள் தீர்த்தன. ஜப்பானில் 1907ஐ ஒட்டி மிசே, நிஷிகாவா ஆகியோரின் பெயர்களோடு உருவான முறையிலும், 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி வெற்றிகண்ட முத்து வளர்ப்பிலும், கருமணியோடு வேறொரு சிப்பியின் மேன்டில் துண்டும் வைக்கப்படுகிறது. அத்துண்டின் எபிதீலியம் பெருகி மணியைச் சூழ்ந்து முத்துப்பையாகிறது. பையின்றி மணி மட்டும் உடலுள் கிடந்தால் முத்துப்படலம் படிவதில்லை. மணி கட்டாயம் என்று இங்கே எழக்கூடிய எதிர்வாதத்தை நெடுநேரம் ஆராய வேண்டியதில்லை: பிவா ஏரியின் நன்னீர் மட்டிகளில் மேன்டில் துண்டு மட்டுமே வைத்து, மணியே இல்லாத முத்துகள் பெருமளவில் விளைவிக்கப்பட்டன.

இதனால் இயற்கை முத்துகளில் ஒட்டுண்ணிக்கு எப்பங்கும் இல்லை என்று முடிவு கட்டுவது மிகையாகும். துளையிடும் உயிரியோ, காயமோ, இடம்பெயரும் இளவுயிரியோ எபிதீலிய உயிரணுக்கள் சிலவற்றை உள்ளே தள்ளிவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தாலும் காரணம் என்ற தகுதி உயிரணுவுக்கே உரியது. புழு அதைச் சுமந்துசென்ற பல வாகனங்களுள் ஒன்று, அவ்வளவே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஹெர்ட்மனின் விளக்கப்படி, இளவுயிரி சிப்பியிலிருந்து கிளாத்திக்கும், அதிலிருந்து திருக்கைக்கும் சென்று முதிர்கிறது. ஆகவே சிப்பியைத் தின்றழிக்கும் மீன்களே முத்து விளைச்சலுக்கு இன்றியமையாதவை என்ற விந்தையான நிலை உண்டாயிற்று. எபிதீலிய விளக்கத்தில் அவை வெறும் கொன்றுண்ணிகள். முத்தின் பெயரால் அவற்றைக் காக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. 1906இல் இலங்கைப் பார்களைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் 1907க்குப் பிறகு சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடவாமல் நொடித்ததற்குப் புழுவின் குறைவைக் காட்டுவதும் பொருந்தாது. பார்களில் அப்போது இல்லாமற்போனது முத்து மட்டுமன்று. சலாபத்துக்குப் போதுமான வளர்ந்த சிப்பிகளே இல்லை.