மருந்துச் சோதனை, பல்கலைக்கழகம் நடத்தும் (மலேசியா)

ஒரு மருந்து அல்லது சிகிச்சை பயன் தருகிறதா, தீங்கு செய்கிறதா என்பதை நோயாளிகளின் ஒப்புதலோடு பல்கலைக்கழகம் பொறுப்பேற்று ஆராய்வது. பணம் தருவதோடு அதன் கடமை முடிவதில்லை. திட்டம், கண்காணிப்பு, பக்கவிளைவுகளை அறிவித்தல் யாவும் அதன் பொறுப்பே. லாபம் தராத பழைய மருந்துகளைக் கம்பெனிகள் ஆராய முன்வருவது குறைவு. அங்கே பல்கலைக்கழகங்களின் பணி பெரிது.

பல்கலைக்கழகங்கள் வருமுன்பே மலாயாவில் இதையொத்த ஒரு சோதனை நடந்தது. சயாம் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. 1905இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றதில் அந்நோயால் மரணமே இல்லை. 1907இல் 'லான்செட்' இதழ் முடிவை வெளியிட்டது. அறிவியலுக்கு அது பெரிய வெளிச்சம். ஆனால், மறுக்கும் நிலையில் இல்லாதவர்களை வைத்து அதைச் செய்தது இன்று ஏற்கத்தக்கதன்று.

இப்போது நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மலேசியாவின் முதல் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை வழிகாட்டி 1999இல் வந்தது. தோட்டத்து மூத்தவர் ஒருவரை இத்தகைய ஆய்வுக்கு அழைத்தால், அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி உடனிருக்க வேண்டும். அவர் எந்த நேரத்திலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது.